அம்சாக்காவின் பத்தியம்

சுட்டுவிரலைப் பாத்தித் தண்ணீரில் முதல் கணு வரைக்கும் நனைத்து, நாக்கின் நடுவில் வைத்துக்கொண்டு, அம்சாக்கா கண்ணை மூடுகிறார். அந்த நேரத்தில் பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் யாரும் பேசுவதில்லை. கிழக்கே கடல் பக்கம் வெளுத்துக்கொண்டு வரும். பாத்தி பாத்தியாக வானம் தரையில் கிடக்கும். நாலைந்து மூச்சு கழித்துக் கண்ணைத் திறந்து, "இது இன்னும் ரெண்டு நாளு நிக்கட்டும்" என்பார். வரப்பில் நடந்து அடுத்த பாத்திக்குப் போவார். மறுபடியும் விரல், நாக்கு, மூடிய கண். "இதுல கசப்பு வந்துகினு இருக்குது. இன்னிக்கே வடிச்சி வுட்ருங்க."

திண்டிவனத்திலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் பேருந்தில் வந்தால் மரக்காணம். அங்கே உள்ள உப்பளத்தில்தான் எங்களுக்கு வேலை. பாத்தியில் நிற்கிற தண்ணீர் வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் உப்பு பூக்கும். உப்பு பூத்து முடிந்தபின் மிஞ்சுகிற தண்ணீரில் கசப்பு ஏறும். அந்தத் தண்ணீரை நேரத்தோடு வடித்துவிட வேண்டும். தவறினால் வாரிய உப்பும் கசந்து பிசுபிசுத்துப்போகும். எங்கள் மேஸ்திரி ஆரோக்கியராஜிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அம்சாக்காவின் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது இருக்கும். கேட்டால், "ஏரி ஒடஞ்ச வருசத்துக்கு அடுத்த வருசம் பொறந்தேன்" என்பார். எந்த ஏரி என்று அவருக்கும் தெரியாது. புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட அந்தச் சட்டை, இறந்துபோன அவர் கணவர் ஏகாம்பரத்தினுடையது. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு நீலம் எது, கோடு எது என்று தெரியாமல் வெளுத்துவிட்டது. காலில் சாக்ஸ், இரண்டும் இரண்டு நிறம். சாக்ஸுக்குள் குதிகால் வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவியிருப்பார்.

தூரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிப் பேருந்துகள் போகும். தலையில் கூடை இருந்தாலும் ஒரு கையை விடுவித்து ஆட்டுவார். யாரும் திருப்பி ஆட்டியதில்லை. "அவுங்க கண்ணுக்கு நாம கொக்கு மாதிரி தெரிவோம். கொக்கு கைய ஆட்டினா யாரு திருப்பி ஆட்டுவாங்க" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்.

ஒன்பது மணிக்குக் கொட்டகையில் கூழ் குடிக்க உட்காரும்போது முந்தின இரவு கண்ட கனவைச் சொல்வார். இது அவருடைய நெடுநாள் பழக்கம். அந்தக் கனவுகளில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. "ஒரு நாற்காலி இருந்துச்சி. யாரோ ஒக்காந்துட்டு எழுந்து போயிருந்தாங்க. தொட்டுப் பாத்தேன், சூடா இருந்துச்சி. அவ்ளோதான்." பொன்னி அக்கா எங்கள் கூட்டத்தில் வாய் அதிகம் உள்ளவர். "இதுக்கா இவ்ளோ நேரம் தூங்கின?" என்பார். அம்சாக்கா சிரித்துக்கொண்டே பச்சை மிளகாயைக் கடிப்பார்.

தை மாதம் திண்டிவனத்தில் ஒரு கண் முகாம் நடந்தது. வருஷக்கணக்காக வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்து அக்காவின் இடது கண்ணில் திரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கண்ணைப் பார்க்கப் போன இடத்தில், கல்லீரலுக்குள் ஹெப்படைட்டிஸ் சி என்று ஒரு கிருமி இருப்பதாகத் தெரிந்தது. பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம், எப்போதோ போட்ட ஊசியில் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். கண் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு, விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். மாத்திரை இலவசம். தினமும் ஒரு வேளை, இரண்டு மாத்திரை, மூன்று மாதம். ஒரு நாளும் விடாமல் போட்டால் அநேகமாக முழுவதும் போய்விடும் என்று சொல்லி முதல் மாதத்துக்கான டப்பாவைக் கொடுத்தனுப்பினார்கள்.

"எனக்கு சி வந்துருக்குதாம்" என்று மறுநாள் கொட்டகையில் அறிவித்தார்.

"ஏ, பி ரெண்டையும் தாண்டி நேரா சி-யாக்கா? எங்களுக்கெல்லாம் மொத எழுத்தே வரல" என்றார் பொன்னி அக்கா.

எல்லாரும் சிரித்தோம். அம்சாக்காவும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவருடைய தூக்குச் சட்டியைத் திறந்தபோது கேப்பைக் கூழில் வழக்கமான மோர் வாசனை இல்லை. பக்கத்தில் மிளகாயும் இல்லை. மாங்காய் ஊறுகாயை நீட்டிய கையை மெதுவாக விலக்கிவிட்டு, "பத்தியம்" என்றார்.

கல்லீரல் என்ற சொல் காதில் விழுந்ததுமே அது காமாலை என்றுதான் அவர் மனதில் பதிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் பத்தியம். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, புளி கிடையாது, காரம் கிடையாது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை வந்தால் உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடுவது போல அது தானாக நடக்கும்.

மறுநாள் விடியலில் மேஸ்திரி கண்ணாடிக் குழாயோடு வரப்பில் நின்றிருந்தார். அக்கா பாத்தி ஓரத்தில் குனிந்து, விரலை நனைத்து, வாய் வரைக்கும் கொண்டுபோய், நிறுத்தினார். பிறகு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா?"

"பத்தியம்னா பத்தியந்தான் மேஸ்திரி. விரல்ல ஒட்டினாலும் உப்பு உப்புதான்."

"துப்பிடேன்."

"நாக்கு துப்புமா?" என்று கேட்டுவிட்டு அக்கா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் வாரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தன. விடியற்காலை நான்கு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சுக்குத் துண்டு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு வருவார். தலையில் ஈரத்துண்டு. இரண்டாவது வாரத்தில் நடை மாறியது. வரப்பில் கால் வைப்பதற்கு முன்னால் அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குகிறவரைப் போல இருந்தது.

"ஒடம்பு இங்கதான் இருக்குது. நான் நாலடி தள்ளி நின்னு அத்த பாத்துக்கினு இருக்கேன்" என்றார் ஒரு நாள்.

"மாத்திரை போட்டா ஆகாசத்துல நடக்கலாம் போலக்கீதே. எனக்கும் ஒண்ணு குடுக்கா, பஸ் காசு மிச்சம்" என்றார் பொன்னி அக்கா.

"ஆகாசம் கீழதானடி இருக்குது. மேல எதுக்குப் போவணும்" என்று பாத்தியைக் காட்டினார் அம்சாக்கா. அவர் சொன்னது பொய்யில்லை. காற்றில்லாத காலையில் எங்கள் வரப்புகள் மேகத்துக்கு நடுவில்தான் போகும்.

கனவுகளும் மாறின. முன்பெல்லாம் சூடான நாற்காலியோடு முடிந்துபோகிற கனவுகளில் இப்போது மழை பெய்தது. உப்பளத்தில் மழைக் கனவு யாருக்கும் பிடிக்காது. "குவிச்சி வெச்ச உப்பு மேல மழ. நான் தார்ப்பாய தேடிக்கினே இருக்கேன். உப்பு கரையுது. அப்பறம் பாத்தா என் கையும் கரையுது. வலியே இல்ல. சர்க்கரை கரையற மாதிரி மெதுவா." சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கனா ராத்திரியோட நிக்க மாட்டேன்னுது. விடிஞ்சப்பறமும் கூடவே நடந்து வருது." பொன்னி அக்கா எழுந்து அவருடைய ஈரத்துண்டை மறுபடி நனைத்துக் கொண்டுவந்தார்.

அந்த வாரம்தான் தெற்குப் பக்கத்து இரண்டு பாத்திகள் கெட்டன. கண்ணாடிக் குழாய் காட்டியதை நம்பி மேஸ்திரி ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீரை நிற்கவிட்டிருந்தார். வாரிய உப்பு ஈரம் உலராமல் பிசுபிசுத்தது. வாயில் வைத்தால் நாக்கின் அடியில் கசந்தது. "குழாய்க்கு நாக்கு இல்லையே" என்று மேஸ்திரி யாரிடம் என்றில்லாமல் சொன்னார். அம்சாக்கா அந்தக் குவியலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். தொடவில்லை.

"ஏன் இந்த அம்மா இப்பிடி உசுரக் குடுத்துப் பத்தியம் இருக்குது?" என்று ஒருத்தி கேட்டதற்குப் பொன்னி அக்கா தணிந்த குரலில் சொன்னார்: "அவ வூட்டுக்காரன் காமாலைலதான போனான், பதினாலு வருசம் ஆவுது. பத்தியம் கெட்டுப்போச்சின்னு சொல்லுவாங்க. யாரு கெடுத்ததுன்னு தெரியல."

இருபத்திரண்டாம் நாள் என்று நினைக்கிறேன். பங்குனி வெயில் காலை எட்டு மணிக்கே ஏறிவிட்டது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்த அம்சாக்கா பாதி வழியில் நின்றார். இறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. பாத்தித் தண்ணீரில் அவருடைய உருவம் கூடையோடு தலைகீழாக நின்றது. இரண்டில் எது அக்கா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. பிறகு தண்ணீரில் இருந்தவர் கலைந்தார்.

நானும் பொன்னி அக்காவும் ஓடிப்போய்த் தூக்கினோம். சட்டை முழுவதும் உப்புத் தண்ணீர். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருந்தது. கொட்டகையில் சாக்குகள் மேல் படுக்கவைத்தோம். கண்ணைத் திறந்ததும் உதட்டில் பட்டிருந்த தண்ணீரைத்தான் முதலில் புறங்கையால் அழுத்தித் துடைத்தார்.

"எம்மா, நீ மொதல்ல அந்த மாத்திரைய நிறுத்து. நோவு கொல்றதுக்கு முன்னாடி மருந்து கொன்னுடும் போலக்கீது" என்றார் பொன்னி அக்கா. கண் கலங்கியிருந்தது.

"நிறுத்தத்தான் போறேன்" என்றார் அம்சாக்கா, கூரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா சொல்லாம நிறுத்தக் கூடாது. கெவுருமெண்டு குடுத்தது. போயி மிச்சத்த குடுத்துட்டு, வேணாம்னு சொல்லிட்டு வரணும்."

அப்படிப்பட்டவர் அவர். கல்யாண வீட்டில் சாப்பிடாமல் கிளம்பினாலும் பந்தி பரிமாறுகிறவரைத் தேடிப்பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். மகள் சங்கவியை வானூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்கு நிறைமாதம். எனவே, எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரியும் என்று என்னைக் கூப்பிட்டார். அடுத்த டப்பா வாங்க வேண்டிய செவ்வாய்க்கிழமை, இரண்டு நாளுக்கான மாத்திரைகள் மிச்சமிருந்த பழைய டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். நிறுத்துகிறேன் என்று சொன்னவர் அன்று விடியற்காலையும் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் வண்டி மாற வேண்டும். வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, ஆவி பறக்கப் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பொட்டலம் வாங்கி அவரிடம் நீட்டினேன். "உப்பு போட்டு அவிச்சிருப்பான்" என்றார். ஆனால் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். விழுப்புரம் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவ்வப்போது பொட்டலத்தை மூக்கின் கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். மயிலம் மலை தூரத்தில் நகர்ந்து வந்தது, கூட்டேரிப்பட்டில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். எழுந்ததும், "நாம இன்னும் போய்க்கினு இருக்கோமா, திரும்பி வந்துகினு இருக்கோமா?" என்று கேட்டார். மடியில் மல்லாட்டை ஆறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற அறையில் கலைமதி என்ற நர்ஸ் இருந்தார். முப்பது வயது இருக்கும். புதிய டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"வாங்கம்மா. பழைய டப்பா கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்துட்டேன் மேடம். ரெண்டு நாளுக்கு மிச்சம் இருக்குது, எடுத்துக்கோங்க. புதுசு வேணாம்."

"எத்தினி நாள் விட்டீங்க?"

"ஒரு நாளும் வுடல. சொல்லிட்டு வுடலாம்னு வந்தேன்."

கலைமதி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார். "ஒக்காருங்க. என்ன பண்ணுது, சொல்லுங்க."

"தல வலிக்குது. யாரோ தலைக்குள்ள செருப்பு போட்டுக்கினு மெதுவா நடக்கற மாதிரி. வாந்தி வர்ற மாதிரியே இருக்கும், வராது. அசதின்னா அசதி, கைய மூடினா தொறக்க நேரமாவுது."

"இதெல்லாம் இந்த மாத்திரைல சில பேருக்கு வரும்மா. போகப் போக பெரும்பாலும் கொறையும். எப்ப போடுறீங்க?"

"நாலு மணிக்கு. விடியக்கால, வெறும் வயித்துல. மருந்துன்னா வெறும் வயித்துலதான."

"இத அப்படிப் போடணும்னு இல்லம்மா. இன்னிக்குப் போட்டாச்சில்ல, நாளைலேந்து ராத்திரி சாப்ட்டுட்டு போடுங்க. தெனம் அதே நேரம். குமட்டுறது தூக்கத்துலயே போயிடும். தண்ணி நல்லா குடிங்க. தலைவலின்னு கடைல மாத்திரை வாங்கிப் போடாதீங்க, எங்கள கேளுங்க. வேற என்ன?"

"கெண்டக்கால் இழுத்துக்குது. எழுந்து நின்னா கண்ணு முன்னாடி வெள்ள வெள்ளயா வருது. கொஞ்ச நேரம் நான் எங்க இருக்கேன்னே தெரியல. நாலு நாளைக்கு முன்னாடி பாத்திலயே வுழுந்துட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. கலைமதி எழுந்து அக்காவைப் படுக்கவைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். நிற்கவைத்து மறுபடியும் பார்த்தார். கணுக்காலை அழுத்திப் பார்த்தார். "என்ன வேலம்மா செய்றீங்க?"

"உப்பளம்."

"சாப்பாடு?"

அம்சாக்காவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி போலிருக்கிறது.

"அதுல கொற சொல்லவே முடியாது மேடம். நீங்க சொல்லலன்னாலும் மொத நாள்லேந்து நானே பத்தியம். உப்பு இல்ல, எண்ண இல்ல, புளி இல்ல. பாத்தித் தண்ணியக்கூட நாக்குல வெக்கல."

"உப்பே இல்லாமயா?"

"ஒரு கல்லு இல்ல."

"இருபத்தாறு நாளா? அந்த வெயில்ல?"

"ஆமா" என்றார் அக்கா. பரீட்சையில் முதலில் வந்த பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கலைமதி உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். "அம்மா, இப்ப நான் சொல்றத மெதுவா கேளுங்க. தலைவலியும் அசதியும் மாத்திரையால வந்துருக்கலாம். ஆனா கால் இழுக்குறதும் மயக்கம் போட்டு விழுந்ததும் மாத்திரை இல்ல. உப்பு. நாள் முழுக்க வேர்வைல உப்பு வெளிய போகுது, உள்ள ஒண்ணும் போகல. வயித்துல தண்ணி சேர்ந்தவங்களுக்குத்தான் உப்பக் கொறைக்கச் சொல்லுவோம். உங்க ஸ்கேன்ல அது இல்ல, கால் வீக்கம் இல்ல. நீங்க உப்பு சாப்பிடணும்."

அக்கா தலையை ஆட்டினார். ஒத்துக்கொள்கிற ஆட்டல் இல்லை அது. "பத்தியத்த நடுவுல முறிச்சா ஆளத் தூக்கிடும் மேடம்."

"யாரத் தூக்குச்சி?"

வெளியே யாரோ பெயர் கூப்பிட்டார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டே போயிற்று. அம்சாக்கா தன் கையைப் பார்த்தார். உப்பு அரித்த விரல் நுனிகள், ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருந்தன.

"எங்க வூட்டுக்காரர. காமாலைன்னு பத்தியம் வெச்சிருந்தோம். வெறும் கஞ்சி. உப்பளத்துக்காரன் வூட்டுல உப்பில்லாம கஞ்சியான்னு அழுவாரு. சின்னப் புள்ள மாதிரி. ஒரு நாளு எனக்கு மனசு தாங்கல. யாருக்கும் தெரியாம ஒரே ஒரு சிட்டிகை போட்டேன். பத்து நாளா மூஞ்ச சுவத்துப் பக்கம் திருப்பிக்கினு இருந்தவரு, அன்னிக்கு விரல ஒண்ணொண்ணா நக்கிக்கினு என்னப் பாத்து சிரிச்சாரு." தன் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டார். "மூணா நாளு போய்ட்டாரு. யாருகிட்டயும் சொல்லல மேடம். எங்க சங்கவிக்குக்கூட தெரியாது."

எனக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது. மஞ்சள் பையின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கலைமதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார், "அவருக்கு வயிறு எப்படிம்மா இருந்துச்சி?"

"பானை மாதிரி ஊதி."

"எத்தினி நாளா?"

"ஆறு மாசம். கால்கூட வீங்கிப்போச்சி. கடைசில எங்களயே அடையாளம் தெரியல."

"ஆறு மாசமா ஊதின வயிறும்மா. ஈரல் அதுக்கு முன்னாடியே கெட்டுப்போயிருக்கும். அதுக்கப்புறம் ஒரு சிட்டிகை உப்பு யாரையும் கொல்லாது. பத்தியம் இருந்திருந்தாலும் காப்பாத்தியிருக்காது." கொஞ்சம் தயங்கினார். "நீங்க போட்ட அன்னிக்கு அவரு ஒரு வாய் ருசியா சாப்ட்டாரு. அவ்ளோதாம்மா நடந்துச்சி."

சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்சாக்கா வெகு நேரம் அதையே பார்த்தார். பாத்தித் தண்ணீரை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது இருக்கும் அதே முகம். கண் மட்டும் திறந்திருந்தது.

"மேசை மேல வெச்சிங்களே, அந்த டப்பா" என்றார் கடைசியில். "அத்த குடுங்க."

கலைமதி டப்பாவை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "இன்னிக்கு ராத்திரியே கஞ்சில உப்பு போட்டுக்கோங்க."

"இன்னிக்கு செவ்வாக்கெழம. பத்தியம் முறிக்க நாளு பாக்கணும் மேடம்."

"நாளைக்கு?"

"புதன்."

"புதன் நல்ல நாளா?"

அக்கா யோசித்தார். "பரவால்ல" என்றார்.

"அப்ப நாளைக்கு. அதுக்கு மேல தள்ளக் கூடாது. தலைவலி அசதியெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம். அதுக்காக நிறுத்திடாதீங்க. கண்ணு மஞ்சளானாலோ வாந்தி நிக்கலன்னாலோ ஒடனே வாங்க. வேற எது பண்ணாலும் போன் பண்ணுங்க" என்று ஒரு சீட்டில் நம்பரை எழுதி என்னிடம் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அக்கா தூங்கவில்லை. வயல்கள், செங்கல் சூளை, புளியமரங்கள், மறுபடியும் மயிலம் மலை. எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தார். திண்டிவனம் தாண்டியபின் ஒரே ஒரு தடவை பேசினார். "ருசியா சாப்ட்டாருதான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. ஜன்னலிடம் சொன்னார். மரக்காணத்தில் இறங்கும்போது மல்லாட்டைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். ஒரு காய்கூடக் குறையவில்லை.

புதன்கிழமை எப்போதும் போல விடிந்தது. அக்கா சட்டையைப் போட்டுக்கொண்டு, ஈரத்துண்டோடு வந்தார். மாத்திரையை இனி ராத்திரி சாப்பிட்டபின்தான் போடப்போவதாகவும், விடிகாலையில் குமட்டல் இல்லை என்றும், தலைக்குள் அந்தச் செருப்பு மட்டும் இன்னும் நடப்பதாகவும் சொன்னார். மேஸ்திரி கூடை தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா வரப்பில் நின்று தண்ணீர் பாயும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றே இல்லை. அவரைச் சுற்றி நாலு பக்கமும் மேகம்.

ஒன்பது மணிக்கு எல்லாரும் கொட்டகையில் உட்கார்ந்தோம். அம்சாக்கா தூக்கைத் திறந்து கூழைக் கையால் கரைத்தார். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். முந்தின நாள் வாரிக் குவித்த புது உப்பு வெயிலில் கண் கூசுகிற மாதிரி நின்றது. அதன் பக்கத்தில் போய்க் குந்தினார். பொன்னி அக்கா குடித்துக்கொண்டிருந்த கூழை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். மேஸ்திரி கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

மூன்று விரல்களால் ஒரு சிட்டிகை எடுத்தார். கூழுக்கு மேல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு விரல்களைத் தேய்த்துவிட்டார். கலக்கினார். தூக்கை இரண்டு கையாலும் ஏந்தி ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார். நிறுத்தாமல் அடி தெரியும்வரை குடித்தார்.

தூக்கைக் கீழே வைத்துவிட்டு, உப்பும் கூழும் ஒட்டியிருந்த வலது கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சுட்டுவிரலை வாயில் வைத்தார். அப்புறம் நடுவிரல். அப்புறம் மோதிர விரல். ஒன்றொன்றாக, அவசரமில்லாமல், கட்டைவிரல் வரைக்கும்.